அண்ணாச்சியின் மெத்தையும் என் இரண்டு கால்களும்

என் பிரியத்துக்குரிய சுடலைமுத்து அண்ணாச்சிக்கு,

சும்மா கத்தாதே. உன் மெத்தையில் நான் உட்கார்ந்தால் உனக்கு என்ன குறைந்துபோகிறது? திரும்பி வந்து, "எடத்தை விடும்வே" என்று கேட்கப்போகிறாயா? நீ போய் வருஷம் ஒன்று ஆகப்போகிறது. ஜவுளிக்கடையில் எல்லோரும் அந்தக் கல்லா இடத்தைச் சுற்றிக்கொண்டு நடக்கிறார்கள், நீ அங்கே படுத்துத் தூங்குகிற மாதிரி. நேற்று மத்தியானம் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன். அதற்கா இந்தக் கூப்பாடு?

"எந்திரியும்வே! எந்திரியும்!"

நேற்றிலிருந்து காதுக்குள் இதே சத்தம். உயிரோடு இருந்தபோதும் என்னை ஓர் இடத்தில் உட்காரவிட்டதில்லை. செத்த பிறகுமா?

கோபத்தைக் கொஞ்சம் ஓரமாக வை. நடந்ததைச் சொல்கிறேன், பிறகு நீயே நியாயம் சொல்.

போன வாரம் முருகேசன் வந்தான். உன் பிள்ளை ராயப்பேட்டைக்கு, அதுவும் என் மகள் மங்கா வீட்டுச் சந்துக்கு, கடையை விட்டுவிட்டு வந்தால் விஷயம் பெரிசுதானே? கையில் ஆரஞ்சுப் பழம். சர்க்கரை வியாதிக்காரன் வீட்டுக்கு ஆரஞ்சு! உன் ரத்தம் அல்லவா, வேறு எப்படி இருப்பான்?

"சித்தப்பா, அப்பாவுக்கு வருசம் வருது. நாலு பக்கம் அச்சடிச்சு சொந்தக்காரங்களுக்கும் வாடிக்கைக்காரங்களுக்கும் குடுக்கலாம்னு இருக்கேன். அப்பாவைப் பத்தி நீங்க எழுதிக் குடுங்க."

"ஏண்டா, மூணாங்கிளாசோட பள்ளிக்கூடத்துக்குக் கும்புடு போட்டவன் நானு. என்னாண்ட வந்து எழுதுன்றியே!"

"நீங்க பேசற மாதிரியே எழுதுங்க. அது போதும்."

தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். இன்னும் ஏதோ இருக்கிறது என்று தெரிந்துபோயிற்று. "அப்புறம் சித்தப்பா... கல்லா காலியாவே கெடக்குது. பெரியவங்க ஒருத்தர் அந்த எடத்துல இருந்தாத்தான் கடைக்குக் களை. நீங்க வந்து உக்காருங்க. ஒரு வேலையும் செய்ய வேணாம். சும்மா உக்காந்திருங்க, போதும்."

இதுதான் சங்கதி. இந்தத் தாளைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: இது எனக்கும் அண்ணாச்சிக்கும் நடக்கிற சண்டை. கேட்டுக்கொண்டிருங்கள், நடுவில் வந்து சமாதானம் பேசாதீர்கள்.

இவர்களுக்கு உன்னை மெத்தைமேல் பார்த்துத்தான் பழக்கம். உன்னை நடையில் பார்த்தவர்கள் எத்தனை பேர் மிச்சம் இருக்கிறோம்? துணி மூட்டை உன் தோளில், அளக்கிற கெஜக்கோல் என் கையில். ராயப்பேட்டையில் காலையில் கிளம்பினால் மயிலாப்பூர் மாட வீதி, அங்கிருந்து ஆழ்வார்பேட்டை பங்களாக்கள், வியாபாரம் படியவில்லை என்றால் அடையாறு பாலத்தையும் தாண்டிவிடுவோம். கூவுகிறவன் நான், மூட்டையை அவிழ்க்கிறவன் நீ. பொம்பளைகள் விலையைக் குறைத்துக் கேட்டால் நான் சிரிக்கவைப்பேன். நீ முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு மூட்டையைக் கட்ட ஆரம்பிப்பாய். உடனே அவர்கள் விலைக்கு வந்துவிடுவார்கள். நாடகக்காரர்கள் தோற்றார்கள் நம்மிடம்.

ஆனால் உன்னோடு நடப்பது இருக்கிறதே! தென்காசிச் சீமையிலிருந்து வந்த கால், மூட்டைப் பாரத்தோடும் என்னை முந்திக்கொண்டு போகும்.

"இன்னா அண்ணாச்சி, ரயிலா ஓட்டிக்கினு கீற? நில்லு, ஒரு கதை சொல்லிக்கினு வர்றேன் இல்ல?"

"கதை நடந்துக்கிட்டே கேக்கலாம். உம்ம காலு என்ன வாடகைக்கு எடுத்ததா? வெரசா வாரும்வே."

கேட்பதாவது! நான் பாதியில் இருக்கும்போதே நீ அடுத்த தெருவில் இருப்பாய். அந்த ஆழ்வார்பேட்டை வக்கீல் வீட்டுச் சமையல்காரன், காணாமல்போன பாதாம் அல்வா, அந்தக் கதையை அடையாறு பாலத்தின்மேல் எத்தனை தடவை ஆரம்பித்திருப்பேன்? ஒரு தடவையாவது முடிக்கவிட்டாயா?

சாப்பாட்டை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. காலையில் வீட்டில் இட்லி எத்தனை என்று நம்மை யாரும் கேட்டதில்லை. போதும் என்று நாமே கையை மறைக்கும்வரை போட்டுக்கொண்டே இருப்பார்கள். மத்தியானம் குளத்தங்கரையில் பொட்டலத்தைப் பிரித்தால் சோறு மலை மாதிரி இருக்கும். சாயங்காலத்துக்குள் அது எங்கே போயிற்று என்றே தெரியாது. வாய் தின்றதைக் கால் தின்றுவிட்டது. நமக்கு அது அப்போது தெரியவில்லை, நம் வயிறு அப்படிப்பட்ட வயிறு என்று பெருமைப்பட்டுக்கொண்டோம்.

அப்புறம் முருகேசன் மாம்பலத்தில் பூங்காப் பக்கம் கடை போட்டான். உன்னைக் கல்லாவில் உட்காரவைத்தான். வெள்ளை உறை போட்ட மெத்தை, சாய்ந்துகொள்ளத் திண்டு, தலைக்குமேல் மின்சார விசிறி. நான் பார்க்க வந்தபோது நெற்றியில் விபூதி, மேலே சரிகை அங்கவஸ்திரம், அசையாமல் இருந்தாய்.

"இன்னா அண்ணாச்சி, சாமி எப்ப பொறப்பாடு? தூக்கிக்கினு போவ ஆளு வோணுமா?" என்றேன்.

"போவே அங்கிட்டு!" என்றாய், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "மகன் ஆசைப்படுதான். வெயில்ல திரிஞ்சது போதாதா? வயசான காலத்துல நாலு பேரு பாக்க உக்காந்திருக்க வேண்டாமா?"

நான் என்ன சொல்ல முடியும்? எல்லோரும் அப்படித்தானே நினைக்கிறோம்? நடக்கிறவன் பாவப்பட்டவன், உட்கார்ந்திருக்கிறவன் கொடுத்துவைத்தவன். உனக்குத் தொந்தி விழுந்தபோது உன் வீட்டில் கண்பட்டுவிடும் என்று சுற்றிப்போட்டார்களே தவிர, யாராவது கவலைப்பட்டார்களா?

நடை நின்றது, இட்லி நிற்கவில்லை. மூட்டை தூக்கியவனின் பசியைக் கூடவே கூட்டிக்கொண்டு போய் மெத்தையில் உட்காரவைத்துவிட்டாய்.

கொல்லைப்புறத்தில் நீ ஒன்றுக்குப் போய்வந்த இடத்தில் எறும்பு மொய்த்தது. டாக்டர் பார்த்துவிட்டுச் சர்க்கரை வியாதி என்றார். அதைக்கூட நீ பெருமையாகத்தான் சொன்னாய். "ராசாக்கமாருக்கு வர்ற சீக்காம்வே இது. உம்ம மாதிரி ஆளுக்கெல்லாம் வராது."

பார்த்துக்கொள் அண்ணாச்சி. வந்திருக்கிறது. நானும் ராஜாதான் இப்போது.

டாக்டர் உன்னைத் தினம் கடற்கரைக்கு நடக்கச் சொன்னார். நீ என்ன செய்தாய்? ரிக்‌ஷா பிடித்தாய். மாம்பலத்திலிருந்து கடற்கரை வரை ரிக்‌ஷா, அங்கே மணலில் உட்கார்ந்து சுண்டல், திரும்பி வர அதே ரிக்‌ஷா. "டாக்டர் சொன்னபடி நாளு தவறாம கடக்கரைக்குப் போறேன்லா" என்று என்னிடம் சாதித்தாய். "நடந்ததெல்லாம் ரிக்‌ஷாக்காரன் ஆச்சே, அண்ணாச்சி! அவனுக்கு ஒடம்பு நல்லா ஆயிடும், உனுக்கு?" என்றேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை நீ.

சிரித்துவிட்டேன். ஆனால் இனிமேல் சொல்லப்போவதில் சிரிப்பு இல்லை.

உங்கள் கடையில் ஒரு வழக்கம். காலையில் விளக்கேற்றி ஊதுவத்தி காட்டி மெத்தையில் அமர்ந்தால், வாடிக்கை இருக்கும்போது பெரியவர் எழுந்திருக்கக் கூடாது. அவர் எழுந்தால் வியாபாரம் எழுந்து போய்விடும். யார் சொன்னது இதை? தெரியாது. எல்லாக் கடையிலும் சொல்கிறார்கள். சர்க்கரைக்காரனுக்கோ நாக்கு வறளும், குடம் குடமாய்த் தண்ணீர் கேட்கும், குடித்தால் நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து போகவேண்டும். நீ எழுந்திருக்கக் கூடாதே! என்ன செய்தாய்? தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாய். உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டு, முழங்காலை இறுக்கிக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

அந்தக் கடைசிச் சாயங்காலத்தை முருகேசன்தான் எனக்குச் சொன்னான். கல்யாண ஜவுளிக்கு ஒரு குடும்பமே வந்து ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தது. நீ இடது தோளைத் தேய்த்துக்கொண்டாயாம். விசிறிக்குக் கீழேயே வேர்த்துக் கொட்டியதாம். "அப்பா, உள்ள போய்ப் படுங்க" என்றிருக்கிறான். "வாயுதாம்ல. அவங்க முடிச்சிக்கிடட்டும். நான் எந்திரிச்சா அவங்களும் எந்திரிச்சிருவாங்க" என்றாயாம்.

அவர்கள் கூறைப்புடவையை எடுத்துக்கொண்டு எழுந்துபோனார்கள். நீ எழுந்திருக்கவில்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். நீ மெத்தை ஏறிய கையோடு, உலகச் சண்டையில் துணிக்குச் சர்க்கார் கன்ட்ரோல் வந்ததும் மூட்டையில் கட்ட ஒன்றும் இல்லாமல் போயிற்று. சண்டை முடிந்தும் ரேஷன் முடிந்தபாடில்லை. கெஜக்கோலைப் பரண்மேல் போட்டுவிட்டு மங்கா வீட்டில் உட்கார்ந்தேன். அவளுக்கு நான் ஒரு துரும்பை நகர்த்தக் கூடாது. குடத்தைத் தொட்டால் போதும், சண்டைக்கு வந்துவிடுவாள்.

"நைனா, நீ இன்னாத்துக்கு எய்ந்த? குந்து. கொயாய்த் தண்ணி நான் புடிச்சாறேன்."

"காலு மரத்துப்போச்சு மங்கா. கொஞ்சம் நடந்துட்டு வர்றேனே."

"பெத்தவனைத் தண்ணி எடுக்க வுட்டாளான்னு சந்து மொத்தமும் என் மூஞ்சில துப்பறதுக்கா? குந்து நைனா!"

பாசத்தால் கட்டிப்போட்டால் கயிறு கண்ணுக்குத் தெரிவதில்லை. உன்னை மகன் உட்காரவைத்தான், என்னை மகள் உட்காரவைத்தாள். நல்ல பிள்ளைகளைப் பெற்றோம் அண்ணாச்சி, தப்பு சொல்ல வாய் வரவில்லை.

காலில் ஒரு புண் ஆறவில்லை என்று ராயப்பேட்டை டாக்டரிடம் போனேன். கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை விட்டு, என் நீரைக் கலந்து, சுடவைத்தார். நீலம் பச்சையாயிற்று, மஞ்சளாயிற்று, கடைசியில் செங்கல் நிறம். "ஓட்டுக்கு வண்ணம் அடிக்கலாம் போலக்கீதே" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"பெரியவரே, என்ன வேலை செய்யறீங்க?"

"குந்திக்கினு கீறேன் சாமி."

"அதுதான் வியாதி. இப்படியே உட்கார்ந்திருந்தா சர்க்கரை ரத்தக் குழாயைக் கெடுக்கும். கடைசியில மார்வலியில கொண்டுவந்து விடும். தினம் நடக்கணும்."

"நானா? இந்தப் பட்டணத்துல நான் நடக்காத தெரு உண்டா சாமி? இந்தக் காலு நடந்த நடைக்கு..."

"அது அன்னிக்குச் சாப்பிட்ட சோத்துக்கு நடந்தது. இன்னிக்குச் சோத்துக்கு இன்னிக்குத்தான் நடக்கணும்."

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. நீ இருந்தால் ஓடிவந்து உன்னிடம் சொல்லியிருப்பேன். வெறுங்காலோடு போகக் கூடாது என்று வேறு சொல்லிவிட்டார். மங்கா செருப்பு வாங்கிவந்தாள். தார் ரோட்டு வெயிலிலும் வெறுங்காலோடு திரிந்த கன்னியப்பன் செருப்புப் போட்டுக்கொண்டு நின்ற கோலத்தை நீ பார்க்கவில்லை. நல்லதுதான்.

மறுநாள் கிளம்பினேன். மணிக்கூண்டு வரைக்கும் போனேன். அங்கே ஒரு ஜட்கா நின்றிருந்தது. குதிரை எலும்பாக இருந்தது, சவாரி பண்ணவந்த ஆள் குண்டாக இருந்தார். "அண்ணாச்சி, இவங்க ரெண்டு பேரும் எடம் மாத்திக்கினா ரெண்டு பேருக்கும் நல்லதுதானே?" என்று திரும்பினேன்.

இடது பக்கம் யாரும் இல்லை. உன் மூட்டைக்கு இடம் விட்டு நடந்திருக்கிறேன், வழி முழுக்க.

அங்கேயே திரும்பிவிட்டேன். அப்புறமும் சில நாள் முயற்சி செய்தேன், மணிக்கூண்டைத் தாண்ட முடியவில்லை. மங்காவிடம் கால் வலி என்று சொன்னேன். கால் வலிக்கவில்லை அண்ணாச்சி. பேசாத வாய்தான் வலித்தது. வம்புக்கு ஓர் ஆள் இல்லாமல் ஒரு மனுஷன் எப்படி நடப்பான்?

அந்தச் சமயத்தில்தான் உன் பிள்ளை வந்து மெத்தைக்குக் கூப்பிட்டான். சபலம் தட்டாதா? சொல்லு.

நேற்று போனேன். உட்கார்ந்தேன். மெத்தையில் உன் பள்ளம் அப்படியே இருக்கிறது, நீ சாய்ந்துகொள்கிற வலது பக்கம் கொஞ்சம் ஆழமாக. நான் அதில் கச்சிதமாகப் போய்ச் சேர்ந்துவிட்டேன். விசிறி சுற்றியது. கடைப்பிள்ளைகள் "ஐயா, காப்பி?" என்றார்கள். நான் ஒன்று சொன்னால் சிரித்தார்கள். வருகிறவர்கள் கும்பிட்டார்கள். இந்த ஒரு வருஷத்தில் மகளையும் டாக்டரையும் உன் பிள்ளையையும் தவிர ஒருத்தர் என் முகத்தைப் பார்த்துப் பேசியது நேற்றுத்தான் அண்ணாச்சி. சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லமாட்டேன், ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் நாக்கு வறண்டது. தண்ணீர் குடித்தேன். அப்புறம் என்ன, எழுந்துபோக வேண்டும். அதே நேரம் கல்யாண ஜவுளிக்கு ஒரு கூட்டம் உள்ளே வந்து உட்கார்ந்தது. நான் திண்டில் கையை ஊன்றினேன். முருகேசன் அந்தப் பக்கத்திலிருந்து கண்ணைக் காட்டினான், "இப்ப வேணாம் சித்தப்பா" என்று. நானும் முழங்காலை இறுக்கிக்கொண்டேன். கும்பிடு போட்டேன். சிரித்தேன்.

அப்போதுதான் நீ கத்த ஆரம்பித்தாய். எந்திரியும்வே.

எழுந்தேன். எழுந்தேன் என்ன, ஓடினேன், கொல்லைப்புறத்துக்கு. கூட்டம் கலைந்திருக்கும், முருகேசன் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று நினைத்துக்கொண்டே திரும்பி வந்தேன்.

ஒருத்தரும் எழுந்துபோகவில்லை அண்ணாச்சி. ஒருத்தர்கூட. மெத்தை காலியாகக் கிடந்தது, அதை அவர்கள் திரும்பியே பார்க்கவில்லை. அரக்கா, மாம்பழ நிறமா என்று அவர்கள் பாட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். முருகேசன்தான் அவர்களையும் அந்த மெத்தையையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் முகத்தை அலமாரிப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அந்தக் கூட்டத்தில் நம்ம மயிலாப்பூர் மாமி இருந்தாள். தெற்கு மாட வீதி, சுங்கடிப் புடவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் வாங்காதவள்.

"அடடே, கெஜக்கோல் கன்னியப்பன்னா! உன் ஜோடி எங்கேப்பா?"

"மேல பூட்டாரு மாமி. வருசம் ஆவப்போவுது."

"ஐயையோ! என்னமா நடப்பார் அந்த மனுஷர்! காத்து மாதிரின்னா போயிண்டிருப்பார். அவருக்கா?"

"ஆமா மாமி. குந்த வெச்சுட்டாங்க."

மாமி கையிலிருந்த புடவையைக் கீழே வைத்தாள். அப்புறம், "எங்காத்துல நாத்தனார் முழங்கால் வீங்கிப் படுத்துண்டிருக்கா. கல்யாணத்துக்குப் புடவையைக் கையால தொட்டுப் பார்க்காம வாங்கமாட்டேன்னு அடம் பிடிச்சுண்டிருக்கா. முன்னே மாதிரி ஆத்துக்கே நாலு கொண்டுண்டு வரப்படாதா?" என்றாள்.

"பட்டுக்குக் கன்ட்ரோல் இல்லியே, கொண்டாந்தா போச்சு" என்று என் வாய் முந்திக்கொண்டது. முருகேசன் நாலு பட்டுப் புடவையைத் துணியில் கட்டிக் கொடுத்தான். "ரிக்‌ஷா வெச்சுக் குடுக்கறேன், சித்தப்பா."

"உங்கப்பனுக்கு வெச்சுக் குடுத்தது போதாதாடா?" என்றேன். அவனுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது.

மூட்டை இதோ மூலையில் இருக்கிறது. சின்ன மூட்டைதான். பரண்மேலிருந்து கெஜக்கோலை இறக்கித் துடைத்துவைத்திருக்கிறேன். மங்கா இரண்டையும் பார்த்துவிட்டு என்னோடு பேசாமல் இருக்கிறாள். ஆனால் கல்லாவுக்கு வருவேனா என்று நான் இன்னும் பதில் சொன்ன பாடில்லை, உன் பிள்ளை அங்கே காத்துக்கொண்டிருக்கிறான். மெத்தையா, மூட்டையா? மெத்தையில் பேச்சுத்துணை இருக்கிறது. தெருவில் யார் இருக்கிறார்கள்? மணிக்கூண்டு மறுபடி என்னைத் திருப்பி அனுப்பிவிட்டால்? இதற்கு ஒரு பதில் சொல்லேன், அண்ணாச்சி. மற்றதற்கெல்லாம் கத்தத் தெரிகிறதே!

சரி. நீ சொல்லமாட்டாய். நானே சொல்லிவிடுகிறேன்.

முருகேசா, அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் நீதான் இதை முதலில் படிப்பாய். கோபித்துக்கொள்ளாதே. மெத்தை காலியாக இருக்கக் கூடாது என்றால் உன் அப்பன் போட்டோவை அதன்மேல் வை. அவருக்குத் தாகம் கிடையாது, எழுந்துபோகவும் வேண்டாம், அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டான். நீயும் அங்கே போய் உட்காராதே. உன் வேட்டி இடுப்பில் நிற்கமாட்டேன் என்கிறது, நான் கவனித்தேன். சாயங்காலம் கடையை ஆள் பார்த்துக்கொள்ளட்டும், நீ பூங்காவைச் சுற்றி நட.

அண்ணாச்சி, உனக்கு என் வாக்கு: வெயில் ஏறுவதற்கு முன்னால் தினமும் கிளம்புவேன். மணிக்கூண்டில் திரும்பமாட்டேன். இட்லியைக் குறைப்பேன், அதையும் சொல்லிவிடுகிறேன், அழுதுகொண்டே குறைப்பேன். உன் மூட்டைக்கு இடது பக்கம் இடம் விட்டுத்தான் நடப்பேன், வழி முழுக்க வாய்விட்டு உன்னோடு பேசுவேன். பைத்தியம் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும், பைத்தியத்துக்கு டாக்டர் ஒன்றும் பத்தியம் சொல்லவில்லை.

முதலில் அந்த அல்வாக் கதையை முடித்துவிடுகிறேன். கேள். அந்த வக்கீல் வீட்டுச் சமையல்காரன் இருக்கிறானே, அவன் அல்வாவைக் கிளறி, தட்டில் கொட்டி, மேலே ஒரு மூடியைப் போட்டு, இந்தப் பக்கம் திரும்புகிறான், அந்த நேரம் பார்த்து...

அட, எங்கே போகிறாய்? பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போகிற இந்தப் புத்தி உன்னை விட்டுப் போகவே போகாதா? அண்ணாச்சி! மூட்டையை எடுக்க வேண்டாமா? இரு. இந்தப் பாழாய்ப்போன செருப்பை மாட்டிக்கொள்கிறேன். மயிலாப்பூர் வரைக்கும்தான் வருவேன், அதற்கு அப்பால் நீ தனியாகப் போய்க்கொள். நில்லேன்யா, வருகிறேன்.

உன் பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு வருகிற தம்பி,
கெஜக்கோல் கன்னியப்பன்
ராயப்பேட்டை